விளக்கு எரியுது, குரல் வரலை

"என் வீட்டுக்காரர் செத்த அன்னைக்கே இதுவும் செத்துப்போச்சு," என்றார் ப்ரிஸ்கா.

மூஃபுலிரா என்ற தாமிரச் சுரங்க ஊர், அதில் காந்தன்ஷி என்ற சுரங்கக் குடியிருப்பு. அவர் வீட்டு முன்னறையில் நாங்கள் நின்றிருந்தோம். மேஜை மேல் ஒரு பழைய ஜப்பான் ஆம்ப்ளிஃபயர். வெள்ளி முகப்பு, மரப்பெட்டி, ஒருத்தர் தனியாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். தாமிரத்துக்கு நல்ல விலை இருந்த காலத்தில், முதல் போனஸில் லெவி சிலெஷே வாங்கியது. லெவி சுரங்கத்தில் ஆட்களின் கூண்டை ஏற்றி இறக்கும் எஞ்சினை ஓட்டியவர். ஐந்து வாரத்துக்கு முன்னால் அந்த எஞ்சின் நாற்காலியிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

என் முதலாளி மகாசா குனிந்து பெட்டியை முகர்ந்து பார்த்தார். முன்னாள் சுரங்கப் போலீஸ். இப்போது காணாமல்போன கோழியிலிருந்து காணாமல்போன கணவன் வரை எதையும் தேடிக் கொடுப்பார். இதுவரை கிடைத்ததில் கோழிகள்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போகாமல் ரேடியோக்களின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருப்பார்.

நான் ஜெரே. அவருக்குக் கார் ஓட்டுவேன், மற்ற நேரத்தில் வாயடிப்பேன்.

"கருகின வாசனை இல்ல," என்றார் மகாசா. "சரி, எதுக்கு இவ்வளவு அவசரம்? ரிப்பேர்காரனைக் கூப்பிடாம என்னை ஏன் கூப்பிட்டீங்க?"

ப்ரிஸ்காவிடம் எந்தக் கேள்வியும் நேராகப் போய்ச் சேரவில்லை. கேள்வி எங்கோ தொலைவுக்குப் போய்த் திரும்பி வர வேண்டியிருந்தது.

"நாலு மணிக்கு வெப்ஸ்டர் வர்றார். வீட்டுக்காரர் தம்பி. குடும்பத்துப் பெரியவங்களையும் கூட்டிட்டு வர்றார். நான்தான் மருந்து வச்சு அவரைக் கொன்னுட்டேனாம். அன்னைக்குக் காலையில பாடின ஆம்ப், அவர் போனதும் ஊமையாப் போனது அதுக்குச் சாட்சியாம். நான் ஒரு சொட்டுக்கூட அழலையாம். அது ரெண்டாவது சாட்சி."

"தீர்ப்பு?"

"இந்த வீட்டை விட்டுப் போகணும்."

உப்பு விலை சொல்வது போலச் சொன்னார். முகத்தில் ஒன்றுமே இல்லை.

எனக்கு அது தாங்கவில்லை. நான் ங்கோனி, அவர் பெம்பா. எங்கள் இரண்டு கூட்டத்துக்கும் கேலி உறவு. பாட்டன்கள் காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்டோம், இப்போது நாக்கால் குத்திக்கொள்கிறோம். யாரும் கோபப்படக் கூடாது. சாவு வீட்டில்கூட எங்களுக்கு அந்த உரிமை உண்டு.

"அம்மா, குரங்கு தின்னிங்க வீட்ல ஆம்ப் இருந்தா இப்படித்தான் ஆகும்," என்றேன். "அன்னைக்கு உங்க குழம்பு கொதிச்சப்ப பயந்து வாயை மூடியிருக்கும்."

எந்தப் பெம்பாப் பெண்ணும் இதற்கு 'போடா எலி தின்னி' என்று திருப்பிக் கொடுத்திருப்பாள். ப்ரிஸ்கா, "டீ குடிக்கிறீங்களா?" என்றார். கோப்பையில் ஐந்து கரண்டி சர்க்கரை போட்டார், ஆறாவதும் போட்டார். வாங்கிக் குடித்தேன்.

மகாசா சுவிட்சைத் தட்டினார். முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பக்கத்தில் இருந்த பிளேயரில் இசைத்தட்டைச் சுழல விட்டு முள்ளை வைத்தார். இரண்டு ஸ்பீக்கரும் ஊமை.

"ஜெரே, ரெண்டு பக்கமும் ஒண்ணா செத்திருக்கு. என்ன தோணுது?"

"ஒத்துமையான புருஷன் பொண்டாட்டி."

"இடது பக்கத்துக்கு உள்ளே தனி வழி, வலது பக்கத்துக்குத் தனி வழி. ஒண்ணு கெட்டா இன்னொண்ணு பாடணும். ரெண்டும் ஒரே நாள்ல கெட்டுச்சுன்னா அது வியாதி இல்ல. யாரோ கைவச்சிருக்காங்க."

ஆம்ப்புடன் ஒரு கேசட் டெக் இணைக்கப்பட்டிருந்தது. அதில் ரெக்கார்டு பொத்தானை அமுக்கினார். ஒலியளவு காட்டும் அதன் இரண்டு குட்டி முட்களும் துள்ளின. ஸ்பீக்கரில் சத்தமே இல்லை, முட்கள் மட்டும் தாளம் தப்பாமல் ஆடின.

"பாத்தியா? பாட்டு பெட்டிக்குள்ள வருது. பாதி வழி வரைக்கும் நல்லா வருது."

பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு எதையோ விரலால் தொட்டார். 'ங்ங்ங்' என்று இரண்டு ஸ்பீக்கரும் அடிவயிற்றிலிருந்து முனகின. நான் டீயைக் கொட்டிக்கொண்டேன். ப்ரிஸ்கா அசையவில்லை.

"பின்பாதியும் உயிரோட இருக்கு," என்றார் மகாசா. "முன்பாதியும் உயிரோட இருக்கு. அப்ப எது செத்தது?"

"என் சட்டை."

"பாலம்டா. இந்தப் பக்கம் வந்து பாரு."

பெட்டியின் முதுகில் நான்கு துளைகள், இரண்டு இரண்டாக. அந்தக் காலத்து ஆம்ப்புகளில் முன்பாதியையும் பின்பாதியையும் வெளியே வைத்து இணைத்திருப்பார்கள். அதற்கு இரண்டே இரண்டு சின்ன இரும்பு ஊசிகள், கொண்டை ஊசி மாதிரி வளைந்தவை, ஒரு பக்கத்துக்கு ஒன்று. கையாலேயே பிடுங்கலாம், கையாலேயே செருகலாம். முதுகு முழுவதும் வருஷக்கணக்கான தூசி. அந்த நான்கு துளைகளைச் சுற்றி மட்டும் நகமளவுக்குப் பளபளப்பு.

"முப்பது வருஷமா அங்கே இருந்திருக்கு. கொஞ்ச நாள் முன்னாடிதான் யாரோ எடுத்திருக்காங்க."

"டிக்சன் பார்த்தாரே," என்றார் ப்ரிஸ்கா. மார்க்கெட்டில் டிவி ரிப்பேர் செய்யும் டிக்சனைச் சொன்னார். "வெப்ஸ்டர்தான் கூட்டிட்டு வந்தார். திறந்து பார்த்தேன், உள்ளே எல்லாம் நல்லா இருக்கு, இது மனுஷ வேலை இல்லன்னு சொன்னாரே."

மகாசா பெட்டியின் ஓரத்தைக் காட்டினார். மூடியைப் பிடித்திருந்த திருகாணி ஒன்றின் மேல் குளவி ஒன்று மண்வீடு கட்டியிருந்தது. காய்ந்து கல்லாகிப்போன பழைய வீடு. ஒரு விரிசல்கூட இல்லை.

"குளவி வீட்டை இடிக்காம எப்படிம்மா மூடியைத் திறந்தான்? டிக்சன் பெட்டியைத் தொடவே இல்ல. தெரியலன்னு சொல்ல வெட்கம். பேய் மேல பழியைப் போட்டுட்டுப் போயிட்டான்."

"அப்புறம் என்ன?" என்றேன். "ரெண்டு துண்டுக் கம்பியை வளைச்சு மாட்டுங்க. பாடட்டும். வெப்ஸ்டர் வாயை மூடிட்டுப் போகட்டும்."

"பாடும். உடனே வெப்ஸ்டர் என்ன சொல்வான்? நாங்க வர்றோம்னு தெரிஞ்சதும் மந்திரத்தை எடுத்துட்டாம்பான். எனக்குக் கம்பி வேணாம். எடுத்த ஆள் வேணும்."

மணி ஒன்றே முக்கால்.

மகாசா சோபாவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "சாவு அன்னைக்கு இந்தப் பெட்டி எங்க இருந்துச்சு?"

"பொம்பளைங்க தரையில உட்காரணும்ல. சோபா, மேஜை, எல்லாத்தையும் வெளிய எடுத்தாங்க. இதையும் முற்றத்துல வச்சாங்க. ஆம்பளைங்க நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்த இடத்துல."

"அப்ப ஊசியை எடுத்தவன் ஒரு ஆம்பளை. திருடனா இருந்தா பெட்டியையே தூக்கியிருப்பான். விரோதியா இருந்தா ஒயரை அறுத்திருப்பான். விரலளவு பொருளை அலுங்காம எடுக்கிறவன், ஜெரே, அதைத் திருப்பிக் கொடுக்கப்போறவன். சாவு வீட்ல ஒரு பொருளை எடுத்து வச்சுக்கிட்டு, இதைக் கொடுத்தாத்தான் அதைத் தருவேன்னு வம்பு பண்ற உரிமை யாருக்கு இருக்கு?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"உன்னைத்தான் கேக்கிறேன்."

"எங்களுக்கு," என்றேன். "கல்லறைக் குழிக்குள்ள படுத்துக்கிட்டு எழுந்திருக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிற உரிமைகூட இருக்கு. எங்க மாமா ஒருத்தர் அப்படியே தூங்கிட்டார்."

"அன்னைக்கு வந்த எலி தின்னி யாரும்மா?"

ப்ரிஸ்கா நெற்றியைத் தேய்த்தார். "ஷாவா வந்திருப்பார். அவர்கூட வேலை செய்றவர். வந்தாரான்னு எனக்கு ஞாபகம் இல்ல."

ஷாவா அடக்கம் முடிந்த கையோடு லீவு போட்டுக் கிழக்கே சிபாட்டாவுக்குப் போயிருந்தான். நேற்றுத்தான் திரும்பியிருக்கிறான். மூன்றாவது தெருவில், பழைய கன்டெய்னரைக் கடையாக்கிய சலூனில் அவனைப் பிடித்தோம். பாதித் தலை மழித்திருந்தது. மீதிப் பாதியில் ஐந்து வாரத்து முடி.

"ஊசியா? ஆமா, நான்தான் எடுத்தேன்," என்றான் கண்ணாடியைப் பார்த்தபடியே. "லெவி எத்தனை தடவை அதைக் காட்டிப் பெருமை அடிச்சிருக்கான்! ரெண்டையும் எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு, 'இந்தக் குரங்கு தின்னிங்களுக்கு இனிமே பாட்டு கேக்கணும்னா, எனக்கு ஒரு தட்டு ன்ஷிமாக் களியும் கோழிக்காலும் வரணும்'னு கத்தினேன். எங்க ஷிஃப்ட் ஆளுங்க எல்லாரும் சிரிச்சாங்க. லெவியும் சிரிச்சிருப்பான்."

"எங்க அது?" என்றார் மகாசா.

"எது?"

"ஊசிடா!"

"திருப்பிக் கொடுத்துட்டேனே! ப்ரிஸ்காவே எழுந்து வந்து தட்டைக் கையில கொடுத்தாங்க. ரெண்டு கோழிக்கால். நான் ஊசிங்களை அவங்க உள்ளங்கையில வச்சேன். இடுப்புல கட்டியிருந்த துணியோட ஓரத்துல முடிஞ்சுக்கிட்டாங்க. என் கண்ணு முன்னாடி."

நானும் மகாசாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காணாமல்போன பொருள் எங்களைக் கூப்பிட்டவரிடமே இருந்தது. இதை நாலு மணிக்குச் சபையில் சொன்னால் வெப்ஸ்டருக்கு விருந்து வைத்த மாதிரி. அவளே ஒளித்து வைத்தாள் என்பான், கதை முடிந்தது.

"எழுந்திரு," என்றார் மகாசா ஷாவாவிடம்.

"பாதித் தலை பாக்கி இருக்கு!"

"இருக்கிற தலை போதும்."

காரில் நான், மரியாதைக்கு 'பா' சேர்த்து, மெதுவாகக் கேட்டேன். "ஏமாத்துறாங்களோ, பா மகாசா?"

அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தார். அது நல்ல சகுனம் இல்லை.

ப்ரிஸ்கா நாங்கள் விட்டுப்போன அதே நாற்காலியில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். மகாசா எதிரே குந்திக்கொண்டு, ஷாவா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார்.

"அப்படியா?" என்றார் ப்ரிஸ்கா.

"நீங்க முடிஞ்சு வச்சீங்களா?"

"இருக்கும். எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. அந்த வாரம் யார் எனக்கு சோறு ஊட்டினாங்கன்னும் தெரியல. அடக்கத்துக்கு மழை பெஞ்சுதாம். பக்கத்து வீட்ல சொல்லித்தான் தெரியும்."

மகாசா என்னை வாசலுக்கு இழுத்துப் போனார். "பொய் சொல்றவ ஏதாவது ஒரு கதை வச்சிருப்பா. இந்தம்மாகிட்ட கதையே இல்ல. உண்மைதான் சொல்றாங்க." திரும்பி உள்ளே குரல் கொடுத்தார். "அந்தத் துணி எங்கம்மா?"

"டோரீன் துவைச்சுத் தர்றேன்னு எடுத்துட்டுப் போனா. வெப்ஸ்டர் சம்சாரம். இன்னும் திருப்பித் தரல."

தெருமுனையில் ஒரு பிக்கப் வண்டி ஹாரன் அடித்தது. நாலு மணிக்கு இன்னும் கால்மணி இருந்தது. வெப்ஸ்டருக்கு அவ்வளவு அவசரம். மகாசா ஷாவாவைச் சமையலறைக்குள் தள்ளினார்.

ஐந்து பேர் வந்தார்கள். கோட்டு போட்ட வெப்ஸ்டர். அவன் மனைவி டோரீன். சிலெஷே குடும்பத்துப் பெரியவர்கள் மூன்று பேர், அவர்களில் மூத்தவர் பா ந்கோலே, கைத்தடியும் சந்தேகமுமாக. டோரீன் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அதை இரண்டு விரலால், உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள். பைக்குள் கறுப்பும் பச்சையுமாக ஒரு துணி.

நான் மகாசாவின் காலை மிதித்தேன். அவர் என் காலைத் திருப்பி மிதித்தார். சும்மா இரு என்று அர்த்தம்.

வெப்ஸ்டர் எழுந்து நின்றான். "அண்ணி, உங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்ல. ஆனா அண்ணன் போன அன்னைக்கு அவர் ஆசையா வச்சிருந்த ஆம்ப் ஏன் ஊமையாச்சு? டிக்சன் திறந்து பார்த்து இது மனுஷ வேலை இல்லன்னுட்டான். நீங்க ஏன் அழல? இன்னைக்கு மூணாவது ஒண்ணு கொண்டு வந்திருக்கேன்."

டோரீன் பையை மேஜை மேல் வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"இது நீங்க சாவு அன்னைக்குக் கட்டியிருந்த துணி. ஓரத்துல என்ன முடிஞ்சு வச்சிருக்கீங்க? இரும்பு மாதிரி கெட்டியா இருக்கு. மருந்துதானே?"

மூன்று பெரியவர்களும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். ப்ரிஸ்கா அந்தத் துணியை யாருடையதோ போலப் பார்த்தார்.

மகாசா தொண்டையைச் செருமினார். "வெப்ஸ்டர், ஒரு சந்தேகம். இந்த முடிச்சை யாராவது அவிழ்த்தீங்களா?"

"யாருக்குய்யா தைரியம் வரும்? அஞ்சு வாரமா அப்படியே இருக்கு."

"வேற யாரும் தொட்டிருக்க மாட்டாங்களே? மாத்தி வச்சிருக்க மாட்டாங்களே?"

"என் அலமாரியில வச்சுப் பூட்டியிருந்தேன்," என்றாள் டோரீன். "சாவி என் கழுத்துல."

"பைபிள் மேல சத்தியம் பண்ணுவீங்களா?"

"பண்ணுவோம்!" என்றார்கள் இருவரும் சேர்ந்து.

"பா ந்கோலே, கேட்டுக்கிட்டீங்கல்ல? நல்லது. ஜெரே, அவிழ்."

எனக்கும் மருந்து மந்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் என் கை முன்னால் போக மறுத்தது. அதற்குள் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஷாவா வெளியே வந்தான். அவனுடைய பாதித் தலையைப் பார்த்ததும் டோரீன் அலறி, வெப்ஸ்டர் மேல் சாய்ந்தாள்.

"நான் கொடுத்த பொருளு, நானே அவுக்கிறேன்," என்றான் ஷாவா. முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தான். டக், டக் என்று இரண்டு வளைந்த ஊசிகள் மேஜையில் விழுந்தன.

"இதுவா மருந்து?" என்றார் பா ந்கோலே.

ஷாவா நடந்ததைச் சொன்னான். கோழிக்கால் இரண்டு என்பதை இரண்டு தடவை சொன்னான். மகாசா குளவி வீட்டைக் காட்டினார், நான்கு துளைகளைக் காட்டினார். பிறகு முதலில் ஒலியைக் குறைத்தார். ஐந்து வாரமாகக் குரல் வரவில்லையே என்று ஆளாளுக்குத் திருகி உச்சத்தில் வைத்திருந்தார்கள். ஊசிகளைத் துளையில் செருகினார். முள்ளை இசைத்தட்டில் வைத்தார்.

காங்கோ கிட்டார் ஒன்று, சின்னதாக, சுத்தமாக, அறை நடுவே வந்து நின்றது.

பா ந்கோலே கைத்தடியை ஊன்றி எழுந்தார். "வெப்ஸ்டர், அஞ்சு வாரமா உங்க அண்ணன் ஆம்ப்பை ஊமையாக்கி வச்சது யாருன்னு இப்பத் தெரியுதா? உன் பொண்டாட்டி அலமாரி."

"அது சரி, பெரியப்பா, ஆனா அண்ணி அழவே இல்லையே," என்றான் வெப்ஸ்டர். குரல் இறங்கியிருந்தது.

"அழுறதும் அழாததும் அவ பாடு. இந்த வீட்டைப் பத்தி இனிமே எவனும் பேசக் கூடாது. வண்டியை எடு."

டோரீன் துணியை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "குரங்கு தின்னிங்க நாட்டாமையில முதல் தடவையா ஒரு நல்ல தீர்ப்பு," என்றேன். மகாசா சிரித்தார். ப்ரிஸ்கா சிரிக்கவில்லை. வீடு மிஞ்சியது அவருக்குச் சேதியாகவே போய்ச் சேரவில்லை என்று தோன்றியது.

அவர் ஷாவாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷாவா, அன்னைக்கு நான் ஏதாவது சொன்னேனா?"

"எப்போ?"

"தட்டைக் கொடுத்தப்ப."

ஷாவா தன் பாதித் தலையைத் தடவிக்கொண்டான். அவன் வாயில் கேலி எதுவும் வரவில்லை. "உப்பு போதுமான்னு கேட்டீங்க. அப்புறம்..."

"அப்புறம்?"

"'எல்லாத்தையும் நீயே தின்னுடாத, லெவிக்கு ஒரு கால் மிச்சம் வை, ஷிஃப்ட் முடிஞ்சு பசியோட வருவார்'னு சொன்னீங்க. நாங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். என் கேலிக்குப் பதில் கேலின்னு நெனச்சோம்."

ப்ரிஸ்கா தலையாட்டினார். "கேலி இல்ல," என்றார். "அவருக்கு எடுத்து வச்சேன்."

அதற்கப்புறம் அவர் உதடு கோணியது. முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தரையை அடித்துக்கொண்டு, லெவி, லெவி என்று அழுதார். நான் நிறையச் சாவு வீட்டுக்குப் போயிருக்கிறேன், அப்படி ஓர் அழுகையைக் கேட்டதில்லை.

வெளியே வெப்ஸ்டரின் வண்டி இன்னும் கிளம்பவில்லை. ஸ்டார்ட் ஆகாமல் இருமிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தார் வேலியோரம் கூடியிருந்தார்கள்.

"கூப்பிடட்டுமா?" என்றேன் மகாசாவிடம். "அழுகை வேணும்னு கேட்டாங்களே. வந்து பார்க்கட்டும்."

"வேணாம்," என்றார் மகாசா. "இது அவங்களுக்கு இல்ல."

ஆம்ப்பிடம் போய் அந்தப் பெரிய குமிழைப் பிடித்து ஒரே திருகாக வலது பக்கம் திருகினார். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. தெருவில் நின்றவர்களுக்குக் கிட்டார் மட்டும்தான் கேட்டது.